பேசினவருக்கு ஆகாது

மூலக்குளம்
12 ஜூன் 2025

தம்பி நெடுமாறனுக்கு,

அக்கா கார்குழலி எழுதுகிறேன். எழுதுவது பேசுவதில் சேராது என்று பூசாரி கன்னியப்பனிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். "வாயால பேச மாட்டேன்னுதானம்மா ரெண்டு பேரும் கற்பூரம் அணைச்சீங்க? கையால எழுதறதுக்கு ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்றார். நாலு வருஷமாக இந்தப் புத்தி எனக்கு வராமல் போனதை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

உனக்கு அந்தப் புற்று மறுபடி வந்துவிட்டது என்று தனக்கொடி வந்து சொன்னாள். உன் பெண்டாட்டி உன்னிடம் எதை மறைத்தாலும் என்னிடம் மறைக்க மாட்டாள். போன தடவை ஆறு மாதம் மருந்து ஏற்றி, ஸ்கேன் எடுத்து, சுத்தமாகப் போய்விட்டது என்றார்களே. இரண்டு வருஷம் நீ காலாப்பட்டு பஸ்ஸை ஓட்டிக்கொண்டு நன்றாகத்தானே இருந்தாய்? இப்போது பழைய மருந்து கேட்காதாம், அதைவிடக் கடுமையானது ஏற்றி, அதற்கப்புறம் ஸ்டெம் செல் வைப்பார்களாம். அவள் சொல்லிக்கொண்டே போனாள், எனக்குப் பாதி காதில் விழவில்லை.

எங்கள் தெரு வசந்தாவின் தங்கை லேபில் இருக்கிறாள். கூடப் பிறந்தவர்களுடைய செல்தான் நன்றாகப் பொருந்தும் என்று அவள் சொன்னாள். அதற்காகத்தான் இந்தக் கடிதம். என்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொல். இடுப்பெலும்பில் ஊசி குத்துவார்களாம், குத்தட்டும். உன்னோடு பேசக் கூடாது என்றுதான் சத்தியம், கொடுக்கக் கூடாது என்று இல்லை.

சிவசங்கரிக்கு நான் செய்த சடங்குக்குத் தாய்மாமன் நீ வராமல், என் நாத்தனார்கள் முன்னால் என்னைத் தலைகுனிய வைத்தாயே, அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அது வேறு, இது வேறு.

அக்கா

*

பிள்ளைச்சாவடி
21 ஜூன்

அக்கா,

உன் எழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது, வரிசையில் நிற்க மறுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது நீ வாய்விட்டுச் சொல்வது போலவே கேட்டது. கேட்டதும் பயந்து சட்டென்று மடித்து வைத்துவிட்டேன்.

முதல் சுற்று முடிந்து முந்தாநாள் வீட்டுக்கு வந்தேன். மூன்று நாள் படுக்கவைத்து ராத்திரி பகல் பார்க்காமல் ஏற்றினார்கள். போன தடவை மருந்து ஏறினால் வாந்தி வரும், அவ்வளவுதான். இது வேறு மாதிரி. கண்ணை மூடினால் பஸ் ஓட்டுகிறேன். கடற்கரை ரோடு நேராகக் கடலுக்குள் இறங்குகிறது, நானும் இறங்குகிறேன். தண்ணீருக்கு உள்ளே ரோடு நன்றாகத்தான் இருக்கிறது, நம் ஊரில் இவ்வளவு நல்ல ரோடு நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆட்கள் ஏறுகிறார்கள். யார் துணியும் நனையவில்லை. நீயும் ஏறுகிறாய், முன்பக்க சீட்டில் உட்காருகிறாய். எங்கே இறங்கணும் என்று கேட்கிறேன். நீ சொல்வதில்லை. அதனால் எங்கேயும் நிறுத்த முடியாமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறேன்.

செல் விஷயம் கேள். வசந்தாவின் தங்கை சொன்னது வேறு விதமான வைத்தியத்துக்கு. எனக்கு என்னுடைய செல்லையேதான் எடுத்து வைக்கப்போகிறார்கள். முதலில் இந்தக் கடுமையான மருந்து நோயை அடக்க வேண்டும். அடங்கினால், என் ரத்தத்திலிருந்தே செல்களைப் பிரித்து உறையவைத்துவிடுவார்கள். பிறகு உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லாத அளவுக்குப் பெரிய மருந்து ஒன்று. அதற்கப்புறம் உறையவைத்ததைத் திரும்ப ஏற்றுவார்கள், அது உள்ளே போய்ப் புது ரத்தம் உண்டாக்கும். நோய் அடங்காவிட்டால் எதுவும் கிடையாது.

ஆக, உன் செல் வேண்டாம் அக்கா. உன் குரல் வேண்டும். அந்தப் பெரிய மருந்துக்கு முன்னால் ஒரு தடவை நீ பேசிக் கேட்க வேண்டும். வேறு ஆசை எதுவும் இல்லை.

சடங்கைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்மாமன் பச்சை ஓலை கட்டினால்தான் சடங்கு நடக்கும் என்று தெரிந்துகொண்டு, என் மருமகள் எனக்குப் போன் செய்து அழுதாள். "ஸ்கூல்ல எல்லாரும் சிரிப்பாங்க மாமா, நீ வராத மாமா" என்றாள். பதிமூன்று வயசுப் பிள்ளை. இன்னொரு தடவை அழைத்தாலும் நான் வர மாட்டேன்.

மாறன்

*

மூலக்குளம்
3 ஜூலை

மாறா,

பிள்ளை அழுதாள் என்றால் என்னிடம் வந்து சொல்ல வேண்டியதுதானே? நூறு பேருக்குச் சோறு ஆக்கிவிட்டு, ஓலையை முற்றத்தில் போட்டுக்கொண்டு நான் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஆத்திரத்தில்தான் அங்காளம்மன் கோயிலில் கற்பூரத்தை ஏற்றி அடித்தேன். நீ சும்மா இருந்திருக்கலாம். நீயும் ஒன்றை ஏற்றி அடித்தாய். "யார் பேசினாலும் பேசினவருக்கு ஆகாது" என்று ஊர் முன்னால் சொன்னது நீதான், நான் இல்லை. அப்பா இருந்திருந்தால் இரண்டு பேர் கன்னத்திலும் விட்டிருப்பார். கடைசிவரை கறுப்புச் சட்டை போட்ட மனுஷன். நமக்குத் தேடித் தேடித் தமிழ்ப் பெயர் வைத்தார், நாம் போய்க் கற்பூரம் அணைத்தோம்.

ஆனால் அடித்தாகிவிட்டது. சிரிக்காமல் கேள். போன மாசி மாதம் சின்னப்பாப்பா சித்தி இறந்த அன்று தனக்கொடி போனுக்கு அடித்தேன். நீ எடுத்தாய் என்று தெரியாமல் "சித்தி போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னது இரண்டே வார்த்தை. அந்த வாரமே குளியலறையில் வழுக்கி என் மணிக்கட்டு ஒடிந்தது. நீயோ போனை வைக்காமல் "எப்பக்கா, எப்படிக்கா" என்று அழுதுகொண்டே பேசினாய். அடுத்த மாதம் உன் கழுத்தில் மறுபடி கட்டி. இரண்டு வார்த்தைக்கு ஒரு கை போனால், நீ பேசின பேச்சுக்கு என்ன போகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நீ கேட்டதைத் தவிர வேறு எது வேண்டுமானாலும் கேள். கஞ்சி வைத்துத் தருகிறேன். தனக்கொடி சொன்னபடி எல்லாம் வேகவைத்ததுதான், பச்சையாக எதுவும் இல்லை. பஸ்ஸில் என்னை ஏற்றாதே. கடலுக்குள் இறங்குகிற பஸ்ஸில் நான் ஏன் வரப்போகிறேன்?

அக்கா

*

ஆஸ்பத்திரி
14 ஜூலை

அக்கா,

இரண்டாவது சுற்று ஏறிக்கொண்டிருக்கிறது. சிவப்பும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் ஒரு பை, அதற்கு வெளிச்சம் ஆகாதாம், மேலே துணி போட்டு மூடியிருக்கிறார்கள். நேற்றுப் பொழுது சாய்ந்தபின் பிரெஞ்சு தேசிய நாளுக்காக ரோட்டில் காகித விளக்குகளைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போனது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள், நடுவில் ஒரு பாண்டு வாத்தியம். பாட்டு கண்ணாடியைத் தாண்டி வரவில்லை. விளக்குகள் மட்டும் சத்தமில்லாமல் மிதந்து போயின. நான் செத்துவிட்டேனா, அவர்கள் செத்துவிட்டார்களா என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. பயமாகவும் இல்லை. நர்ஸ் ஆதிலட்சுமி வந்து காய்ச்சல் பார்த்தபின்தான் யார் உயிரோடு இருக்கிறது என்று புரிந்தது.

டாக்டரிடம் கேட்டேன், பேசினால் கட்டி வருமா என்று. அவர் என்னை உற்றுப் பார்த்தார், மூளைக்கும் ஒரு ஸ்கேன் எழுதிவிடுவாரோ என்று நினைத்தேன். போன தடவை மருந்துக்குத் தப்பின செல் எங்காவது ஒளிந்திருக்கும், அதுதான் வளர்ந்தது என்றார். உன் மணிக்கட்டுக்குக் காரணம் உங்கள் குளியலறைப் பாசி. அத்தான் சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தால் போதும்.

இதையெல்லாம் நான் நம்புகிறேன். நம்பினாலும் உனக்குப் போன் அடிக்க விரல் போகவில்லை. என் உயிருக்காக இல்லை. நீ எடுத்து, நான் பேசுவதைக் கேட்டு, பயத்தில் மாரடைத்துவிடுவாயோ என்றுதான்.

இன்னொன்று. தினமும் கஞ்சித் தூக்கைத் தனக்கொடியிடம் கொடுத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்று மேலே பார்க்கிறாய். எனக்குத் தெரிகிறது. நீ பார்ப்பது மூன்றாவது மாடி. நான் இரண்டாவது மாடி.

மாறன்

*

மூலக்குளம்
9 ஆகஸ்ட்

மாறா,

மூன்றாவது மாடி ஜன்னலில் ஒரு மொட்டைத் தலை தெரிந்தது. நீதான் என்று நினைத்து அத்தனை நாளும் அந்த மனுஷனைப் பார்த்து அழுதிருக்கிறேன். அவர் யாரோ, பாவம், அவரும் கை ஆட்டினார்.

ஸ்கேனில் முக்கால்வாசி போய்விட்டது, கொஞ்சம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொரு சுற்று ஏற்றிப் பார்க்கலாம் என்கிறார்களாம். தனக்கொடி அதை நல்ல சேதி மாதிரிதான் சொன்னாள். நல்ல சேதிதானா? எழுது.

பூசாரியிடம் சத்தியத்தை முறிப்பதற்கு வழி கேட்டேன். அணைத்த இடத்திலேயே இரண்டு பேரும் சேர்ந்து நின்று ஒரே கற்பூரத்தை ஏற்ற வேண்டும், ஒருத்தர் மட்டும் வந்தால் செல்லாது என்கிறார். உன்னைக் கூட்டத்துக்கும் புகைக்கும் கொண்டுபோகவே கூடாது, எல்லாம் முடிந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆக வேண்டும் என்று உன் டாக்டர் சொல்கிறார். நான் இவருக்கும் அவருக்கும் நடுவில் அல்லாடுகிறேன். விபூதி கொடுத்தனுப்பினேன், அதையும் வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம்.

அக்கா

*

ஆஸ்பத்திரி
26 செப்டம்பர்

அக்கா,

மூன்றாவது சுற்றில் அடங்கிவிட்டது. செல்களையும் எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் தினமும் வயிற்றில் ஊசி, எலும்புக்குள் யாரோ உட்கார்ந்துகொண்டு இடிப்பது போல் வலி. பிறகு கழுத்தில் குழாய் வைத்து, ஒரு மெஷின் பகல் முழுக்க என் ரத்தத்தை வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுத்தது. கடைசியில் தக்காளிச் சாறு போல ஒரு சின்னப் பை. அவ்வளவுதான் நான். அதை எங்கோ உறையவைக்கக் கொண்டுபோனார்கள்.

அடுத்த வாரம் அந்த அறைக்குள் போகிறேன். மூன்று நாலு வாரம் ஆகும். தனக்கொடியே முகமூடி போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வெளிக் காகிதம் உள்ளே வரக் கூடாது, என்னால் எழுதவும் முடியாது. பெரும்பாலும் எல்லாரும் திரும்பி வந்துவிடுகிறார்கள், சிலர் வருவதில்லை என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

நான் கோபமாக இருக்கிறேன். மூன்று மாதமாக ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். நீ பூசாரியிடம் போகிறாய், மரத்தடியில் நிற்கிறாய், யாரோ மொட்டைக்குக் கை ஆட்டுகிறாய். நான் வராமல் போய்விட்டால், உன் சத்தியத்தை நீ பத்திரமாக வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?

மாறன்

*

மூலக்குளம்
29 செப்டம்பர்

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் உலை வைக்கவில்லை. சிவசங்கரிதான் ஆக்கினாள். "நான்தாம்மா மாமாவ வர வேணாம்னேன், என்னைத் திட்டிட்டு அவர்கிட்ட பேசேன்" என்றாள்.

நேற்று ஆஸ்பத்திரிக்கு வந்து ஆதிலட்சுமியைப் பிடித்துவைத்துக்கொண்டு, அந்த அறைக்குள் உனக்கு என்னென்ன ஆகும் என்று ஒன்று விடாமல் கேட்டேன். முடி போகும், காய்ச்சல் வரும், வயிறு போகும் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், செல் ஏற்றின சில நாளில் வாய் முழுக்கப் புண் வந்துவிடும் என்றாள். "தண்ணி கூட முழுங்க முடியாதுக்கா, ஒரு வார்த்தை பேச வராது, சைகைதான்" என்றாள். எனக்கு அங்கேயே கண்ணீர் வந்துவிட்டது. பாதி உனக்காக அழுதேன். மீதி எதற்கு என்று பஸ்ஸில் திரும்பும்போதுதான் புரிந்தது.

பேசினவருக்குத்தானே ஆகாது? கேட்டவருக்கு ஆகாது என்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உனக்குப் பேச வராத நாட்களில் நான் பேசுகிறேன். நீ கேள். வந்தால் எனக்கு வரட்டும், எனக்கு இன்னொரு கை இருக்கிறது.

போனை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து உன் காதில் வைப்பதாக ஆதிலட்சுமி ஒப்புக்கொண்டாள். தினமும் சாயந்திரம் அடிப்பேன். புண் ஆறும்வரைதான். நீ வாயைத் திறக்கக் கூடாது. இது நான் உன்னிடம் கேட்கும் ஒரே விஷயம். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. நாலு வருஷம் சேர்ந்துகிடக்கிறது, எந்தப் பக்கம் இழுத்தாலும் சரிந்துவிடும்.

போய் வா. போய்விட்டு வா.

அக்கா

*

ஆஸ்பத்திரி, சாதாரண வார்டு
4 நவம்பர்

அக்கா,

நேற்று அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். பேனா பிடிக்கக் கை நடுங்குகிறது, எழுத்து உன்னுடையதைப் போலவே இருக்கும், மன்னித்துக்கொள்.

செல் ஏற்றின அன்று அறை முழுக்கப் பூண்டு வாசனை என்றார்கள். உறையவைக்கச் சேர்க்கும் மருந்தின் வாசனையாம், எனக்கு நாற்றம் தெரியவில்லை, கதவு திறந்தபோது தனக்கொடி கண்ணாடிக்கு வெளியே மூக்கைச் சுளித்தாள். பிறகு புண் வந்தது. நாக்கு, தொண்டை, உள்ளே எதுவரை என்று தெரியவில்லை. வலிக்கு ஒரு மருந்து சொட்டுச் சொட்டாக ஏறும். அது ஏறினால் சுவர்கள் மெல்லத் தள்ளிப்போகும், கட்டில் காலை நனைத்துக்கொண்டு கடல் உள்ளே வரும். குளிராத கடல். நான் மிதப்பேன்.

அப்போதுதான் உன் முதல் போன். "மாறா, நான்தான். வாயத் தொறக்காத" என்றாய். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாய். நாலு வருஷம் கழித்துப் பேச வந்தவள் என்ன சொல்லப்போகிறாய் என்று காத்திருந்தேன். கரண்ட் பில் அதிகமாக வந்ததைச் சொன்னாய்.

அதன்பின் தினமும் வந்தாய். வசந்தாவின் தங்கைக்கு வில்லியனூரில் மாப்பிள்ளை பார்த்தது, மாப்பிள்ளை சாப்பிட்ட வடைகளின் எண்ணிக்கை, அத்தான் பாசி தேய்க்கப் போய் அவரே வழுக்கி விழுந்தது, எதிர்வீட்டுப் பூனை உன் மீனைத் தூக்கிக்கொண்டு உன்னையே முறைத்தது. நீ ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அது அது அந்தத் தண்ணீரில் வந்து மிதந்தது. மாப்பிள்ளை வந்தார், தட்டோடு வந்தார். பூனை கட்டிலில் ஏறி என் காலருகில் படுத்தது. சிவசங்கரி பள்ளிச் சீருடையோடு தண்ணீரில் நடந்து போனாள். எனக்குக் காய்ச்சல் ஏறி ஆட்கள் ஓடி வந்த அன்று, போன் கட்டிலில் விழுந்து கிடந்தது. யாரும் கேட்காமல் நீ பாட்டுக்குக் கருவாட்டுக் குழம்புக்குப் புளி எப்போது ஊற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மற்ற குரல்கள் எல்லாம் தூரமாகிப் போயின. நான் அந்தக் குழம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். உண்மையாகவே சொல்கிறேன், அதை விட்டிருந்தால் போயிருப்பேன்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். புண் ஆறி நாலு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. சொன்னால் நீ போனை நிறுத்திவிடுவாய் என்று ஊமையாகக் கிடந்தேன். ஆதிலட்சுமியையும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

இன்னொன்றும் நடந்தது. ஆறத் தொடங்கின முதல் நாள், நீ பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனேன். தூக்கத்தில் வாயைத் திறந்து "அக்கா" என்றுவிட்டேன். என் குரலே என்னை எழுப்பியது. அதற்குள் போன் கட்டாகியிருந்தது. நீ கேட்டாயா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் பயப்படாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

மாறன்

*

மூலக்குளம்
5 நவம்பர்

மாறா,

கேட்டது.

கேட்டதும் கட் பண்ணினேன். நீ சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு என்ன போகுமோ என்று ராத்திரி முழுக்கப் பொட்டுத் தூக்கம் இல்லை. விடிந்ததும் தனக்கொடி போன் வந்தது. எடுக்க மாட்டேன் என்று சிவசங்கரியிடம் கொடுத்தேன். அவள் கேட்டுவிட்டு, "மாமாவுக்குச் செல் கணக்கு ஏற ஆரம்பிச்சிடுச்சாம்மா, புது ரத்தம் ஊறுதாம்" என்றாள். நான் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

புண் ஆறிவிட்டது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீ இட்லி கேட்டாய் என்று தனக்கொடி சொல்லிவிட்டாள். வாயில் புண் இருக்கிறவன் இட்லி கேட்பானா? தெரிந்துதான் அடுத்த நாளும் அடித்தேன், அதற்கடுத்த நாளும் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். இன்னொரு தடவை சொல்வாய், சொல்வாய் என்று. உன் மூச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது. சொன்ன பேச்சைக் கேட்காதவன் நீ. இந்த ஒரு பேச்சை மட்டும் ஏன்டா இவ்வளவு ஒழுங்காகக் கேட்டாய்?

கோயிலுக்கு உன் டாக்டர் எப்போது விடுகிறாரோ அப்போது போவோம். ஆத்தாளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். திட்டினால் என்னைத் திட்டட்டும்.

இன்று சாயந்திரம் அடிக்கிறேன். எடுத்ததும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். நான் ஒருத்தியே எத்தனை நாளைக்குடா பேசுவது?

அக்கா